மோட்டர் ரீலும் மச்சாளின் தோளும்

யன்னல் கழுவுகிற வேலையில் கஷ்டமானது கண்ணாடியைத் தேய்ப்பதுதான் என்று பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் ஆளை வாட்டுவது ஹோஸ் என்கிற தண்ணீர்க் குழாய். தண்ணீர் நிரம்பிய ஹோஸை மதிலோரமாக இழுத்துக்கொண்டு போகவேண்டும். நிறுத்திவைத்த வாகனங்களின் சில்லுகளில் சிக்காமல் பார்க்கவேண்டும். வேலை முடிந்தபின், மண்ணும் ஈரமுமாகக் கிடக்கிற அவ்வளவு நீளத்தையும் ஓர் இரும்பு உருளையில் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி ஏற்றவேண்டும். அந்த நேரத்தில் உடம்பில் மிச்சமாக ஒன்றும் இருக்காது.

நானும் என் கணவரின் அக்காவும் சேர்ந்து இந்த வேலையைச் செய்தோம். அவரை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரே வீட்டில் இருந்தோம். மச்சாள் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் பல காலம் அறைகளைப் பார்க்கும் பகுதியில் இருந்தவர். யுத்தத்தால் வெள்ளைக்காரர் வரவு குறைந்ததும் ஹோட்டல்காரர் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் கணவர் அப்போது கட்டாருக்கு வேலைக்குப் போயிருந்தார். நான் வீட்டில் சும்மா இருந்தேன். ஹோட்டலில் பழகிய ஓர் அம்மா வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் குடியிருந்தார். கடல் பக்க யன்னல்களைக் கழுவித்தர ஆள் கிடைக்கவில்லை என்று அவர் மச்சாளிடம் சொன்னதில்தான் எல்லாம் தொடங்கியது.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கைகளில் அந்த நாட்களில் தொடர்மாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் குடியிருந்தன. கடல்காற்று கண்ணாடியில் உப்பைப் பூசிவிடும். ரெயில் போகிற தூசி அதன்மேல் ஒட்டும். இரண்டு கிழமை விட்டால் வெளியே பனி பெய்கிற மாதிரித் தெரியும். ஆனால் முன்பின் தெரியாத தமிழ்ப் பொடியன்கள் தடியும் பையுமாக மாடி மாடியாக ஏறி இறங்குவதை அங்கே ஒருவரும் விரும்பவில்லை. பொடியன்களும் விரும்பவில்லை. நாங்கள் இரண்டு பெண்கள், மச்சாள் நடுத்தர வயது, சிங்களம் நன்றாகப் பேசுவார். அதனால் எங்களை உள்ளே விட்டார்கள்.

நீட்டக்கூடிய அலுமினியத் தடியின் நுனியில் தூரிகை பூட்டி, அதற்குள்ளால் தண்ணீர் பாயவிட்டு, நிலத்தில் நின்றபடியே மூன்றாம் மாடிவரை கழுவுவோம். தடி என் பொறுப்பு. ஹோஸும் வீட்டு உள்பக்கக் கண்ணாடிகளும் மச்சாளின் பொறுப்பு. செவ்வாய்க்கிழமைகளில் வேலையில்லை. மச்சாள் கொச்சிக்கடைக் கோவிலுக்குப் போய்விடுவார்.

இரண்டாம் வருடத்தில் அவருடைய வலது தோள் பிடித்துக்கொண்டது. முதலில் எண்ணெய் தடவினார். பிறகு எண்ணெய் தடவுவதற்கே கை எட்டவில்லை. காலையில் அவருடைய தலையை நான் வாரிக் கொண்டை போட்டுவிடுவேன். அவர் கண்ணாடியைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஆஸ்பத்திரியில் டொக்டர், கையை இப்படியே சுழற்றிக்கொண்டிருந்தால் தோள் முழுதாக இறுகிவிடும் என்று சொன்னார். அதன்பிறகு ஹோஸையும் நானே சுற்றத் தொடங்கினேன். பகல் முழுக்கத் தடி பிடித்த கையால் பின்னேரம் அதைச் சுற்றி முடிப்பதற்குள் இருட்டிவிடும். இருட்டியபின் கொட்டாஞ்சேனைக்குத் திரும்புவது அந்தக் காலத்தில் நல்லதல்ல. ஆகவே ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டைக் குறைத்தோம்.

கணவர் தொலைபேசியில் பேசும்போது இதைச் சொன்னேன். அவர் அங்கே உயரமான கட்டடங்களில் கண்ணாடி கழுவுகிற கம்பனி ஒன்றுக்குத்தான் சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

"இங்க ஒருத்தரும் கையால சுத்துறதில்ல. மோட்டர் பூட்டின ரீல் இருக்கு. பட்டனை அமத்தினா ஹோஸ் தானா வரும்" என்றார்.

புறக்கோட்டைக் கடைகளில் விசாரித்தேன். தோட்டச் சாமான் விற்கிற ஒரு கடையில் அப்படி ஒன்று இருந்தது. விலையைக் கேட்டதும் மச்சாள் கடையைவிட்டு வெளியே போய் நடைபாதையில் நின்றார். விலைதான் காரணம் என்று நினைத்தேன். கணவர் பணம் அனுப்புவார் என்று வழியெல்லாம் சமாதானம் சொன்னேன். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் அவர் காரணத்தைச் சொன்னார்.

"பெரிய பற்றரி, வயர், ரிமோட். இதைப் பெட்டியில வச்சுக் காலி ரோட்டால கொண்டு போறது ஆர்? நீயா, கட்டாரில இருக்கிற என்ர தம்பியா?"

கொழும்பிலிருந்து தெற்கே போகிற காலி ரோட்டில் அப்போது வழிநெடுகச் சோதனைச் சாவடிகள் இருந்தன. ஆனால் அவருடைய தோளுக்கு என்னிடம் வேறு மருந்து இருக்கவில்லை. மூன்றாவதாக ஓர் ஆளைச் சேர்க்கலாம் என்று தேடினோம். மட்டக்குளியிலிருந்து ஒரு பெண் வந்து இரண்டு நாள் ஹோஸ் சுற்றிவிட்டு, தையல் தொழிற்சாலையே மேல் என்று போய்விட்டாள். அந்த மாதமே ரீலை வாங்கினோம். மச்சாள் கடை வாசலிலேயே நின்றார். கடைக்காரர் பற்றரியை எப்படிச் சார்ஜ் பண்ணுவது என்று காட்டும்போது மட்டும் கிட்ட வந்து கவனமாகப் பார்த்தார்.

முதல் நாள் அதைக் கடல் பக்கத் தொடர்மாடியில் ஓடவிட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். வேலை முடிந்து பட்டனை அமத்தினேன். மோட்டர் மெல்ல முனகியது. தூரத்து மதில் மூலையில் கிடந்த ஹோஸின் நுனி அசைந்து, முற்றத்துக்குக் குறுக்கே எங்களை நோக்கி ஊர்ந்து வந்தது. பல்கனிகளில் ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். மச்சாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் சந்தோஷம் இருந்தது. அதை மறைக்க அவர் ஒரு முயற்சியும் செய்யவில்லை.

இரண்டாம் நாளே அதன் குறையும் தெரிந்தது. ஹோஸ் ஒரு மல்லிகைச் சாடியைச் சுற்றிக்கொண்டு கிடந்ததை நான் காணவில்லை. கையால் சுற்றும்போது எங்காவது சிக்கினால் கை உடனே உணர்ந்து நிற்கும். மோட்டருக்கு அது தெரியாது. சாடியைச் சரித்து, உடைத்து, ஓட்டுத் துண்டுகளையும் இழுத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கார அம்மா நல்லவர், புதுச் சாடி மட்டும் வாங்கித்தரச் சொன்னார். அன்றுமுதல் ஒருவர் ஹோஸோடு கூடவே நடந்துவரவேண்டும் என்று மச்சாள் விதி வைத்தார். நடந்துவருவது அவர்தான். தோளுக்கு வேலையில்லை, கண்ணுக்குத்தான் வேலை.

கொஞ்ச நாள் இப்படி நன்றாகப் போனது. எங்களுக்கு வழக்கமாக வருகிற முச்சக்கர வண்டிக்காரர் எங்கள் தெருவிலேயே இருந்த ஒரு சிங்களவர். ரீலைப் பின்சீட்டில் எங்கள் கால்களுக்கு நடுவே வைத்துக்கொள்வோம். வழியில் மறிக்கிறவர்கள் அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், தடியைப் பார்ப்பார்கள், போகச் சொல்வார்கள். பிறகு நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. அடுத்த கிழமை எல்லாச் சோதனைச் சாவடியிலும் புது ஆட்கள் நின்றார்கள்.

வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்களை மறித்தார்கள். ஓர் இளம் சிப்பாய் குனிந்து பார்த்தான். பெட்டி, பற்றரி, சிவப்பும் கறுப்புமாக வயர். என் கையில் ரிமோட் இருந்தது. வழியில் தொலைந்துவிடக் கூடாது என்று அதை நான் எப்போதும் கையில்தான் வைத்திருப்பேன். அவன் பின்னுக்குப் போய்ச் சத்தமாக ஏதோ சொன்னான். வண்டிக்காரரை இறக்கினார்கள். என்னை ரிமோட்டை நிலத்தில் வைக்கச் சொன்னார்கள். பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்தினார்கள். நடைபாதையில் போன சனம் தானாகவே எதிர்ப்பக்கம் மாறியது. என்னைத் தனியாக ஒரு மதிலோரம் நிற்கவைத்தார்கள். மச்சாளைப் பார்த்தேன். அவர் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு அதிகாரி வரும்வரை நின்றார்.

அதிகாரி வந்ததும் மச்சாள் சிங்களத்தில் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். நாங்கள் யன்னல் கழுவுகிறவர்கள், இது தண்ணீர் ஹோஸைச் சுற்றுகிற இயந்திரம், தனக்குத் தோளில் வருத்தம் என்பதால் வாங்கினோம் என்று சொன்னார். டொக்டர் எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டு பையில் இருக்கிறது என்றும் சொன்னார். அதிகாரி நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. அப்போது மச்சாள், தானே முதலில் பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, பிறகு உள்ளே இருப்பதைக் காட்டட்டுமா என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

மச்சாள் இடது கையால் வயரைக் கழற்றினார். பிறகு ஹோஸின் நுனியைப் பிடித்து நடைபாதை நெடுக இழுத்துக்கொண்டு நடந்தார். உருளை வெறுமையாகும்வரை இழுத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தத் தோளோடு அவர் அவ்வளவு தூரம் இழுத்ததைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. போய் உதவவும் வழியில்லை.

வெறும் உருளைதான் என்று கண்டபின் அதிகாரியே வயரைப் பூட்டச் சொன்னார். ரிமோட்டை அவரே எடுத்து அமத்தினார். ஹோஸ் நடைபாதையில் ஊர்ந்து திரும்பி வந்தது. வழியில் நின்ற ஒரு சிப்பாய் காலைத் தூக்கி அதற்கு இடம் விட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, அது எங்களுடையதா அவர்களுடையதா என்று தெரியவில்லை.

அதன்பிறகு அடையாள அட்டைகளை எழுதி, கொட்டாஞ்சேனைப் பொலிஸில் எங்கள் குடியிருப்புப் பதிவை விசாரித்து, எல்லாம் முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. விடும்போது அதிகாரி மச்சாளை 'அக்கே' என்று அக்கா முறை சொல்லித்தான் கூப்பிட்டார். சாமான் நல்ல சாமான்தான், ஆனால் இதை ரோட்டில் கொண்டு திரியவேண்டாம், அடுத்தமுறை தன்னைவிடப் பயந்தவன் ஒருவன் நின்றால் என்ன நடக்கும் என்று தனக்குத் தெரியாது என்றார். அவர் பயந்ததை அவரே சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது.

முச்சக்கர வண்டியில் ஏறியதும் மச்சாள் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அப்போதே சொன்னேனே என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் பாலம் தாண்டும்வரை தோளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ரோட்டாலதானே வரக் கூடாது எண்டவர்" என்றார் பிறகு. "அப்ப இது வெள்ளவத்தையிலயே இருக்கட்டும். நாங்க வந்து போவம்."

திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகும் யோசனையே அவருக்கு இல்லை. நேராக அந்தக் கடல் பக்கத் தொடர்மாடிக்குப் போய் அதன் செயலாளரைக் கண்டோம். அவர் இளைப்பாறிய தபாலதிபர், எதற்கும் நிதானமானவர். தண்ணீர்ப் பம்ப் அறையில் வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டதும் முகம் வாடியது. கட்டடத்தில் தேடுதல் நடந்தால் பற்றரியும் வயரும் யாருடையது என்று அவர்தான் பதில் சொல்லவேண்டும். அதையும் அவர் ஒளிக்காமல் சொன்னார். கடைசியில், நாங்களே பொலிஸுக்குக் கொண்டுபோய்க் காட்டிச் சொல்லிவைத்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். பின்னேரமே அதைச் செய்தோம். ஸ்டேஷனில் இருந்த சார்ஜன்ட் ரீலைச் சுற்றிவந்து பார்த்தார். தன் வீட்டுத் தோட்டத்துக்கும் இது சரிவருமா என்று மச்சாளிடம் கேட்டார். சிறிய தோட்டத்துக்கு வீண் செலவு என்று மச்சாள் சொன்னார்.

ரீல் பயணம் போகாமல் ஒரே இடத்தில் தங்கியபோது எங்கள் வேலையின் போக்கே மாறியது. காலையில் பஸ்ஸில் வெறுங்கையோடு வருவோம். தடியைக்கூட அங்கேயே வைக்கப் பழகினோம். ரீலுக்குச் சின்னச் சில்லுகள் இருந்தன. அதை ஒழுங்கைக்குள் தள்ளிக்கொண்டு கட்டடம் கட்டடமாகப் போவோம். பக்கத்துக் கட்டடக்காரர்கள் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். அந்த ஒழுங்கையும் அடுத்த இரண்டு ஒழுங்கைகளும் எங்களுக்குப் போதுமாயிருந்தன. கல்கிசையிலிருந்து ஒருவர் நல்ல கூலி தருவதாகக் கூப்பிட்டபோது, அதற்கு ரீலை ரோட்டால் கொண்டுபோகவேண்டும் என்று மச்சாள் மறுத்துவிட்டார். கொட்டாஞ்சேனையில் இருந்த இரண்டு கடைக் கண்ணாடிகளைப் பழைய கை ரீலாலேயே நான் பார்த்தேன். மச்சாளின் தோள் ஒரேயடியாகச் சுகமாகவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாமல் செய்தார். அந்த வருடக் கடைசியில் கொடியில் உடுப்புக் காயப்போடுகிற அளவுக்குக் கை உயர்ந்தது.

இந்த வேலைக்கு வரும் சிலர் இப்போதும் என்னிடம் மோட்டர் ரீல் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நேரம் மிச்சமாகும் என்று நினைத்து வாங்காதீர்கள் என்பேன். கையில் வலு உள்ள ஓர் ஆள் சுற்றுகிற வேகத்தில்தான் அது சுற்றும், கூட நடக்க ஆளும் வேண்டும். தனி வீடுகளில் வாளியும் துணியுமாக வேலை செய்கிறவருக்கு அது தேவையே இல்லை. ஆனால் நாள் முழுவதும் நீள ஹோஸோடு மாரடிக்கிறவர், இன்னும் பத்து வருடம் அந்த உடம்போடுதான் உழைக்கவேண்டும் என்றால், கடன்படாமல் வாங்க முடிந்தால் வாங்கலாம். நாங்கள் வாங்கியது தோளுக்காக. தோளுக்கு அது செய்யவேண்டியதைச் செய்தது.

வேலை தொடங்கிய மூன்றாம் வருட மழையோடு மோட்டர் நின்றுவிட்டது. திருத்துகிறவர் திறந்து காட்டினார். உள்ளே எல்லாம் உப்பு பிடித்துப் பச்சையாகியிருந்தது. கடலுக்கு இவ்வளவு கிட்ட வைத்தால் இப்படித்தான், திருத்தினாலும் கன காலம் ஓடாது என்றார். இனிக் கைப்பிடிதான் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். மச்சாள் அந்தப் பச்சையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"புதுசு ஒண்டு வாங்குவம். இந்தமுறை மூடி வைக்க உறையும் தைப்பம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை கோவிலிலிருந்து நேராகப் புறக்கோட்டைக்குப் போனோம். கடைக்காரரிடம் மச்சாளே பேரம் பேசினார். நான் பக்கத்துக் கடையில் உறைக்கு றெக்சின் துணி அளந்து வாங்கிக்கொண்டு வந்தேன்.