கயிற்றுக்கு அந்தப் பக்கம்

என் மகள் நிகழ்த்துகலைக் கலைஞர். மேடை, வசனம், டிக்கெட் எதுவும் கிடையாது. பொது இடத்தில் ஒரு காரியத்தைச் செய்வாள், பார்ப்பவர் பார்க்கலாம். இதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கியே என் ஓய்வுக்காலத்தில் பாதி போயிற்று. மனைவி அந்தச் சிரமமே படவில்லை. யார் கேட்டாலும் "மெட்ராஸ்ல கம்பெனி" என்றுவிடுவாள். மகள் செய்வதை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

போன தை மாதம் மலைமேல் பெரக்கரை நாடு என்ற பகுதியில் ஒரு தோட்டத்தில் மகள் நிகழ்த்தினாள். ஓடையிலிருந்து வெறுங்கையில் தண்ணீர் ஏந்தி வந்து ஒரு வாழைக்கன்றின் பாத்தியை நிரப்ப வேண்டும். பேசக் கூடாது. "இதையாவது அம்மா பார்க்கணும்பா" என்றாள். மனைவிக்கோ பஸ் மலையில் முதல் வளைவு திரும்பும்போதே குமட்டும். ஆகவே படம் எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

பொறுப்பு என்று வந்தால் நான் முறைப்படிதான் செய்வேன். படத்தில் முகம் தெரிபவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அதற்கு நேரமில்லாததால், வேடிக்கை பார்க்க வந்தவர்களைக் கயிறு கட்டி, ஓடை இருந்த அந்தப் பக்கமே நிறுத்தினேன். குரலுக்கும் சம்மதம் வேண்டும் என்பதால் மைக்கை அணைத்தேன். கேமரா வாழைக்கன்றை மட்டும் பார்த்தது.

"ஏனுங்க சார், நாங்க நின்னா பொட்டி வெடிச்சுருங்களா?" என்றாள் மிளகு பறித்துவிட்டு வந்த ஒரு பெண்.

மகள் ஏந்தி வந்ததில் முக்கால்வாசி வழியிலேயே ஒழுகியது.

"ஏங் கண்ணு, ஊட்டுல கொடமில்லியா? நாங் கொண்டாரட்டா?" என்றாள் அந்தப் பெண்.

மகள் வாய் திறக்கவில்லை.

"பாவம், காதுங் கேக்காது போல."

எல்லோரும் சிரித்தார்கள். சற்று நேரத்தில் அதே பெண் ஓடையில் இறங்கி, கையில் அள்ளிக்கொண்டு வந்து மகளின் கையில் ஊற்றினாள். பிறகு இன்னொருத்தி இறங்கினாள். ஓடையிலிருந்து கயிறுவரை வரிசையாக நின்று கைக்குக் கை தண்ணீர் மாற்றினார்கள். என் பேச்சை மதித்துக் கயிற்றை ஒருவரும் தாண்டவில்லை. கடைசிக் கையிலிருந்து வாங்கி, மகள் மட்டும் உள்ளே வந்து ஊற்றினாள். பாத்தி நிறைந்தபோது எழுந்த கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. காதில் மட்டும்தான் இருக்கிறது.

காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன். மனைவி இடையில் எழாமல் முழுதும் பார்த்தாள்.

"இத்தன நேரம் ஒத்தையா செஞ்சிருக்கா. எட்டிப் பாக்க ஒரு ஆளில்லீங்களா?"

"நெறையப் பேர் இருந்தாங்க. வரிசையா நின்னு தண்ணி குடுத்தாங்க."

"எங்கீங்க? படத்துல ஒருத்தருங் காணமே. என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க."

ஆவணத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்று, ஆபீஸ் வேலையில் இருந்த காலமெல்லாம் மனுவோடு எதிரில் நின்றவர்களிடம் சொன்னவன் நான். சாப்பிடும்போது இவளிடமும் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அவள் உடனே மகளுக்குப் போன் போட்டாள். "வேண்டாஞ் சாமி, இந்தப் பொழப்பு. உன்னய யாருமே பாக்கல. ஊட்டுக்கு வந்துரு."

போன் என் கைக்கு வந்தது.

"அப்பா, அவங்கெல்லாம் தண்ணி குடுத்தத அம்மாகிட்ட நீங்க சொல்லவே இல்லையா?"

"சொன்னேன் கண்ணு."



இப்போதும் அந்தப் படத்தை ஓட்டிப் பார்க்கிறேன். ஏதாவது ஒரு ஓரத்தில் ஒரு கையாவது விழுந்திருக்காதா என்று தேடுகிறேன். கயிற்றைச் சரியான இடத்தில்தான் கட்டியிருக்கிறேன்.