இருபத்திரண்டு கிணறுகள்

துலாவில் நடப்பவன் கிணற்றைப் பார்ப்பதில்லை. பாதம் மரத்தைப் பார்த்துக்கொள்ளும், அவன் வானத்தையோ வேலியையோ பார்த்துக்கொண்டு நடப்பான். அறுபதாம் ஆண்டை அண்டிய ஒரு தை மாத விடியற்புறம், பனி விழுந்த மரத்தில் என் பாதம் தவறிவிட்டது.

அந்த நாளில் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பெரும்பாலும் துலா இறைப்புத்தான். கிணற்றடியில் இரட்டைத் தூணான ஆடுகாலில் பூட்டிய நீளமான பனைமரம், அதன் நுனியில் கொடி என்கிற கயிறு, கயிற்றின் முடிவில் தண்ணீர் அள்ளும் ஓலைப்பட்டை. மேலே நிற்பவன் கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை தண்ணீருக்குள் இறங்கும். திரும்பி நடந்தால் நிறைந்து மேலே வரும். கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதே அப்பாவுக்குப் பட்டை பிடிக்கத்தான். பதினாறு வயதில் துலாவில் ஏறினேன். முப்பத்தொரு வயதில் விழுந்தேன்.

விழும்போது தோள் கல்லில் அடிபட்டது. தண்ணீருக்குள் போய் வந்து, கொடியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அரை மணித்தியாலம் என்று என்னை வெளியே எடுத்தவர்கள் பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். மேலே வட்டமாகக் கொஞ்சம் வெளிச்சம், அதற்குள் ஆள் இல்லாத துலா, என்னை நோக்கி இறங்குவதும் போவதுமாக ஆடிக்கொண்டிருந்தது.

தோளை முறிவு வைத்தியர் இரண்டு மாதத்தில் சரியாக்கினார். மற்றதைச் சரியாக்க அவரிடம் எண்ணெய் இல்லை. கிணற்றுக்குப் பத்தடி தூரத்தில் கால் தானாகத் திரும்பிவிடும். மனைவி தண்ணீர் அள்ளி வந்து குசினிக்குப் பின்னால் வைப்பாள், நான் அங்கே பிள்ளை பெற்றவளைப் போல மறைவில் குளிப்பேன். இதற்கு முன்பும் நான் யோசனைக்காரன்தான். சைக்கிளைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்புகிற ஆள். ஆனால் அந்த யோசனைகளோடு வேலையும் செய்தேன். இது வேலையையே நிறுத்திவிட்டது.

தோட்டம் என் மனைவிக்குச் சீதனமாக வந்தது. அதைத் தந்த மாமா ஒருநாள் பக்கத்துத் தோட்டக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"வைகாசி பிறக்க வெங்காயம் நடவேணும் தம்பி. உம்மாலை ஏலாது எண்டால் இவர் குத்தகைக்கு எடுக்கிறார். நீர் உம்மடை மச்சானின்ரை கடைக்குப் போய் நில்லும்."

மச்சானுடைய கடை தெற்கே சிங்கள ஊரொன்றில் இருந்தது. ஐம்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் போக யாருக்கும் மனமில்லாத காலம்.

பக்கத்துத் தோட்டக்காரர் என் கிணற்றை எட்டிப் பார்த்தார். "நல்ல ஊத்து. பயப்பிடுறவனுக்கு இவ்வளவு தண்ணி என்னத்துக்கு?" என்று சிரித்தார். மாமாவும் கொஞ்சம் சிரித்தார். அதுதான் எனக்குச் சுட்டது.

அன்று மனைவி கேட்டது ஒரே கேள்வி. "நீங்கள் கடைக்குப் போனால் நானும் பிள்ளையளும் ஆரோடை இருக்கிறது?"

பதிலோடு வந்தவள் என் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள், கணவனை இழந்தவள், இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தாள். நான் கிணற்றுக்குள் தொங்கிய நேரம் அவள் மேலே நின்று இராமேசுவரத்துக்கு நேர்ந்திருந்தாள்.

"நேர்ந்ததைச் செய்யாமல் சும்மா இருந்தால் உனக்கு எப்பிடி மாறும்? இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடவேணும். சித்திரைக்குள்ளை போய் வருவம்."

"கப்பல் கவிழ்ந்தால்?"

"கவிழ்ந்தால் உனக்குத் தோட்டத்தைப் பற்றின யோசனை இல்லை. உடுப்பை எடுத்து வை."

கடல் கடந்து வேறு தேசம் போவது என்னைப் போன்றவனுக்கு லேசான காரியமில்லை. யாழ்ப்பாணத்தில் பாஸ்போட்டுக்குப் படம் பிடித்தபோது கண் மூடிவிட்டதோ என்று யோசித்தேன். பெரியம்மைத் தடுப்புக்கு அம்மைப்பால் குத்திய கை வீங்கியபோது, வீக்கத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று யோசித்தேன். பாஸ்போட்டை அரையில் கட்டியிருந்த பைக்குள் வைத்து, கப்பல் ஏறும் தலைமன்னாருக்கு ரயிலில் போகும்வரை தடவிக்கொண்டே இருந்தேன். அக்காவின் பெட்டியில் மிளகாய்த்தூள், காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா, அவித்துக் காயவைத்த புழுக்கொடியல். இவற்றுக்காக எங்களைச் சிறையில் போடுவார்கள் என்று ஏறக்குறைய முடிவே செய்திருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. சித்திரைக் கடல் தட்டையாகக் கிடந்தது. கப்பல் மாட்டுவண்டி போல ஆறுதலாக, மெதுவாகப் போனது. அக்கா மேல்தட்டில் காலை நீட்டிக்கொண்டு புழுக்கொடியல் சப்பினாள். அப்போதுதான் பக்கத்தில் இருந்த ஒருவர் கதை கொடுத்தார். யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் வலை வைத்திருப்பவர், நாலாம் முறையாகப் போகிறாராம்.

"தீர்த்தமாடப் போறியளோ? முதல் கடலிலை முழுகிப்போட்டு ஈரத்தோடை கோயிலுக்குள்ளை போகவேணும். கிணத்துக் கட்டிலை ஏறி நிண்டு வாளியாலை அள்ளித் தலையிலை ஊத்துவினம். ஒவ்வொரு கிணறாய்ப் போகவேணும்."

நான் அக்காவைப் பார்த்தேன்.

"எந்தக் கிணறு?" என்று கேட்டாள் அவள்.

"தீர்த்தமெண்டால் கிணறுதானே அக்கா. ஒண்டு ரண்டு குளம். மற்றதெல்லாம் கிணறு."

அக்கா சப்புவதை நிறுத்திவிட்டாள். "நான் கீரிமலைக் கேணி மாதிரி இறங்கி முழுகிற குளம் எண்டெல்லோ நினைச்சன்," என்றாள் மெதுவாக.

கொழும்புத்துறைக்காரருக்கு என் கதை தெரியாது. நான் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டிலிருந்து எத்தனையோ விஷயத்துக்குப் பயந்துகொண்டு வந்தவன், இந்த ஒன்றுக்கு மட்டும் பயப்பட மறந்திருக்கிறேன். ஒரு கிணற்றிலிருந்து தப்பக் கடல் கடந்தவனுக்கு அக்கரையில் இருபது கிணறு காத்திருக்கிறது. அந்த நேரம் அழுகைதான் வந்தது. நினைத்துச் சிரிக்க எனக்குப் பல வருடம் எடுத்தது.

தனுஷ்கோடியில் இறங்கினோம். அந்த ஊரைப் புயல் கொண்டுபோக இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. சுங்கத்தில் ஓர் அதிகாரி மிளகாய்த்தூளை முகர்ந்து பார்த்துத் தும்மினார். பிறகு என் தாளை எடுத்தார்.

"தொழில்?"

அக்கா முந்திக்கொண்டாள். "தோட்டக்காரன். இப்ப கொஞ்ச நாளாய்க் கிணத்தடிக்குப் போறேல்லை. எண்டாலும் தோட்டக்காரன்தான்."

அதிகாரிக்கு முதல் சொல் போதுமாக இருந்தது. முத்திரை குத்திவிட்டார்.

மறுநாள் காலை கடலில் முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு கோயிலுக்குள் போனேன். நீண்ட பிராகாரம், கால் வைத்த இடமெல்லாம் தண்ணீர். முதலாவது கிணற்றுக் கட்டில் ஒருவர் கால்களை அகட்டி நின்று வாளியை இறக்கினார். நான் தூணோடு ஒட்டி நின்றேன்.

"கிட்ட வாங்க, கிட்ட வாங்க. அங்க நின்னா எப்படி ஊத்துறது?"

"அவன் வரமாட்டான் ஐயா. எறியுங்கோ," என்றாள் அக்கா.

அவர் எறிந்தார். பாதி தூணுக்கு, கால்வாசி எனக்கு. இப்படியே போனது. ஒவ்வொரு கிணற்றிலும் வாசலில் எழுதியிருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத் தூரத்தில் நிற்பேன், அக்கா சொல்வாள், அவர்கள் எறிவார்கள். பின்னால் வந்த வடநாட்டுக் கூட்டம் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்தது. உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. குளிர் என்று யாரும் நினைத்திருக்கலாம்.

பதினோராவது கிணறா பன்னிரண்டாவதா என்பதில் அக்காவுக்கும் எனக்கும் இன்றுவரை வழக்கு உண்டு. அங்கே அள்ளி ஊற்றுபவர் சாப்பிடப் போயிருந்தார். கட்டின்மேல் வாளியும் கயிறும் மட்டும் இருந்தன. கொஞ்சம் பொறுப்போம் என்றேன். அக்கா பொறுக்கிற பிறவி இல்லை. ஒழுங்கு தப்பி அடுத்த கிணற்றுக்குப் போகவும் மாட்டாள். ஒன்று விட்டாலும் நேர்த்திக்கடன் தீராது என்பாள்.

"நான் அள்ளுறன். நீ அந்தத் தூணைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நில்," என்று சொல்லி, ஈரச் சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தாள். கல் பாசி பிடித்தது போல மினுங்கியது. அக்கா பாரமான ஆள்.

எனக்குள் அவள் அப்போதே விழுந்துவிட்டாள். யோசனைக்காரனுடைய மூளை அப்படித்தான் ஓடும். அவளை வெளியே எடுத்து, ஊருக்குத் தந்தி அடித்து, அவளுடைய மகளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது என்பதுவரை ஒரு மூச்சில் போய்விட்டேன்.

"இறங்கு அக்கா."

"ஏன்?"

"இறங்கு எண்டு சொல்லுறன். சீலையோடை ஏறுற இடமே உது?"

அவள் தோளைப் பிடித்து இழுத்து நிலத்தில் விட்டேன். வாளியை எடுத்தேன். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கட்டின்மேல் ஏறிக் காலை அகட்டி நின்று, வாளியை விட்டேன். தண்ணீரில் தொடும்போது மணிக்கட்டால் ஒரு வெட்டு வெட்டினால் வாளி தானாகச் சரிந்து நிறையும். கை அதை மறந்திருக்கவில்லை. அள்ளி அக்காவின் தலையில் ஊற்றினேன். மறுபடி அள்ளி ஊற்றினேன். மூன்றாவது வாளி மேலே வரும்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது.

கீழே பார்த்தேன். கலங்கிய தண்ணீர் தெளிந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒரு வட்ட வெளிச்சம், வெளிச்சத்துக்குள் என் தலை. மூன்று மாதமாகக் கண்ணை மூடினால் அடியில் கிடந்து மேலே பார்த்தவன் நான். இப்போது மேலே நின்றேன். கயிறு என் கையில் இருந்தது.

அக்கா முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்தது தீர்த்தம் மட்டுமல்ல.

மூன்றாவது வாளியை என் தலையிலேயே கவிழ்த்துவிட்டு இறங்கப் பார்த்தேன். விடவில்லை. பின்னால் வந்த கூட்டம் என்னைக் கோயில் ஆள் என்று நினைத்து வரிசையாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. என்ன பாஷையில் சொல்லி விளங்கப்படுத்துவது? அள்ளி ஊற்றினேன். ஒரு கிழவி ஊற்றிய பிறகும் நகராமல் ஏதோ சொன்னார். ஆசீர்வாதமோ, இன்னும் ஒரு வாளி கேட்கிறாரோ தெரியாது. ஊற்றினேன். அதுதான் போலிருக்கிறது, பல்லில்லாமல் சிரித்தார். தோள் வலித்தது. வேலை செய்தவனுக்கு வருகிற வலி. அது எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று வந்தபோதுதான் தெரிந்தது.

"யாருய்யா அது, என் வாளிய எடுத்தது?"

சாப்பிடப் போனவர் வந்துவிட்டார். பயந்து இறங்கப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று வாளி அள்ளுவதைப் பார்த்தார்.

"எந்த ஊரு?"

"யாழ்ப்பாணம்."

"சிலோனா? அங்க எல்லாரும் இப்படித்தான் இறைப்பீங்களா?"

அக்கா விடுவாளா. "உது என்ன இறைப்பு? ஆயிரக்கணக்கிலை புகையிலைக் கண்டுக்கு இறைக்கிறவன் என்ரை தம்பி. உங்கடை வாளி எங்கடை பட்டைக்குப் பிள்ளை."

"அப்ப அந்த வரிசையையும் முடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க," என்று அவர் தூணோடு சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார்.

வரிசையை முடித்துவிட்டுத்தான் போனேன். மிச்சக் கிணறுகளில் கிட்டப் போய் நின்றேன். முழு வாளியும் தலையில் விழுந்தது. நடுக்கம் இருந்தது, ஆனால் அது குளிரின் நடுக்கம். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

பிறகு பயமே இல்லை என்று எழுதினால் பொய். திரும்பும் கப்பலில் புது யோசனை பிடித்துக்கொண்டது. கோயில் கிணற்றுக்குக் கட்டு இருக்கிறது, நின்ற இடம் கல். வீட்டில் நிற்கவேண்டியது ஆடுகிற மரத்தில், விழுந்த அதே மரத்தில். அக்காவிடம் சொன்னேன்.

"யோசி, நல்லாய் யோசி. ஆனால் கால் பாட்டுக்கு நடக்கட்டும்," என்றாள்.

வைகாசிக்கு இரண்டு நாள் இருக்க ஊருக்கு வந்தோம். மறுநாள் சூரியன் நன்றாக ஏறும்வரை காத்திருந்து, மரத்தில் பனி இல்லை என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு, துலாவில் ஏறினேன். மனைவி கிணற்றடியில் நின்றாள். கிணற்றுப் பக்கம் நாலு அடி நடந்தேன். மரம் சாய்ந்தது. பட்டை தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டது. கீழே பார்த்தேன், வேண்டுமென்றே பார்த்தேன். திரும்பி நடந்தேன். பட்டை நிறைந்து மேலே வந்து ஆடிக்கொண்டு நின்றது. அதைப் பிடித்துக் கவிழ்க்கத்தான் ஆளுக்குச் சொல்லி வைக்கவில்லை. இறைப்பு நடக்கும் என்று யார் நினைத்தது?

படலையைத் திறந்துகொண்டு மாமாவும் பக்கத்துத் தோட்டக்காரரும் வந்தார்கள். குத்தகை பேசி முடிக்க வந்தவர்கள். துலாவில் என்னைக் கண்டு இருவரும் வழியிலேயே நின்றுவிட்டார்கள். மாமா துவாயைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி தோளிலேயே போட்டார்.

"இப்ப என்ன செய்யிறது?" என்று மற்றவர் அவரைக் கேட்டார்.

பதிலை நான் மேலே இருந்து சொன்னேன். "அண்ணை, வந்ததுதான் வந்தியள், அந்தப் பட்டையைக் கொஞ்சம் பிடியுங்கோ. நிலம் நனையவேணும்."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் திருப்பப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பட்டையைப் பிடித்தார். முதல் பட்டையிலேயே நெஞ்சுவரை நனைந்தார்.

"ஆறுதலாய் மிதியடாப்பா," என்று கத்தினார். "நானும் பிள்ளைகுட்டிக்காரன்."

நான் ஆறுதலாக மிதிக்கவில்லை. கடைசிப் பாத்திவரை தண்ணீர் போய்ச் சேர்ந்த பிறகுதான் இறங்கினேன். அன்று பின்னேரமே வெங்காயம் நட்டோம்.