தூண்டில் யாருக்கு

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால்காரர் சிரித்த முகமாக வந்தால் அன்றைக்குப் பாலை ஒரு தடவை மோந்து பார்ப்பேன். அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில், கத்திரி வெயில் ஆரம்பிக்கிற நேரத்தில், அமெரிக்காவிலிருந்து அண்ணன் வந்து இறங்கினார். கூடவே கல்லூரியில் படிக்கும் அவர் மகள். மதினிக்கு லீவு கிடைக்கவில்லையாம். அம்மாவின் முதலாண்டு திதிக்குக்கூட வர நேரமில்லாத மனிதர், திருச்சுழிப் பக்கத்து எங்கள் ஊருக்கு ஒரு மாத விடுமுறையில் வந்திருக்கிறார். அதுவும் மே மாதத்தில். வசதி இருக்கிறவன் எல்லாம் கொடைக்கானலுக்கு ஓடுகிற மாதம் அது.

பெட்டியில் சாக்லேட், தைலம், சட்டைத்துணிக்கெல்லாம் அடியில் நீளமாக ஒரு குழாய் இருந்தது. நான் அருப்புக்கோட்டையில் பி.வி.சி. குழாய்க் கடை வைத்திருக்கிறேன். குழாய் என்றால் கை சும்மா இருக்காது. திறந்தேன். மெல்லிய குச்சிகள் துண்டு துண்டாக வந்தன. ஒன்றோடொன்று செருகினால் என்னைவிட உயரமான தூண்டில். ஒரு சின்ன டப்பாவில் கோழி இறகும் நூலும் சுற்றிய முட்கள். சில பார்க்க ஈ மாதிரி, சில வெட்டுக்கிளி மாதிரி.

"இது ஈத்தூண்டிலு. புழு கோக்க வேண்டாம். தண்ணி மேல ஈ உக்காந்த மாதிரி இது போய் விழுகணும். மீனு நெசம்னு நெனச்சுக் கவ்வும். வீட்ல எல்லாருமே கத்துக்கலாம்" என்றார் அண்ணன்.

"கடையில உங்க தம்பி ஈ ஓட்டுறது பத்தாதாக்கும்? கண்மாயிலயும் போயி ஓட்டணுமா?" என்றாள் என் மனைவி. அப்பாவும் சிரித்தார், என் மகளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரை இல்லாமல் ஏமாற்றிப் பிடிக்கிற வித்தையை இத்தனை தூரம் சுமந்து வந்திருப்பவர், அதை மீனுக்கு மட்டும்தான் போடப் போகிறாரா?

என் பயம் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். அம்மா போனதிலிருந்து அப்பா எங்களோடுதான் இருக்கிறார். காலையில் அவர் இருமுகிற சத்தம் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடியும். அவரைக் கூட்டிக்கொண்டு போகத்தான் அண்ணன் வந்திருக்கிறார் என்று முதல் நாளே எனக்குப் பட்டது. மனைவியிடம் சொன்னேன். "ஒங்களுக்கு வேற வேலயே இல்லையா?" என்றாள்.

மீன் பிடிப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கம் கோடையில் தண்ணீர் வற்றியதும் கண்மாயை ஊருக்குத் திறந்துவிடுவோம். அழிகண்மாய் என்று பெயர். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரைக்கும் எவனும் ஒரு மீனை எடுக்கக் கூடாது. வீசிவிட்டால் எந்த ஊர்க்காரரும் இறங்கலாம், சிக்கியது அவரவருக்கு. சில வருடங்களாக வீசுகிற பொறுப்பு அப்பாவுடையது. அந்த வருடம் வைகாசியில் ஒரு நாள் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"பிடிச்சு, முள்ளக் கழட்டித் திருப்பி விட்ருவோம்ப்பா. அங்க அப்பிடித்தான்" என்றார் அண்ணன்.

அப்பா யோசித்தார். "தொட்டுட்டு விட்டா தப்பில்ல. ஆனா ஒத்த மீனு கரையேறப்படாது."

அண்ணன் சொன்னதை அப்பா நம்பினார், ஊர் நம்பவில்லை. "பிளேன் ஏறி வந்து, மீனப் பிடிச்சு, மறுபடி தண்ணிலயே விடுறாராம். கேக்குறவன் கேனயனா இருந்தா என்ன வேணாலும் சொல்லலாம்" என்றார் டீக்கடைக்காரர். மறுநாளிலிருந்து இரண்டு பேர் கரை வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். காற்று வாங்க வந்தோம் என்றார்கள். வெயில் ஏறும்வரை அவர்கள் கண் எங்கள் பையை விட்டு அகலவில்லை. அவர்கள் எங்களைப் பார்க்க, நான் அண்ணனைப் பார்க்க, அப்படித்தான் எங்கள் கோடை விடுமுறை நடந்தது.

மடையை ஒட்டிய பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் கிடந்தது. அண்ணன் வரிசையாக நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார். தூண்டில் கயிற்றைப் பின்னால் முழுசாகப் பறக்கவிட்டு, ஒரு கணம் பொறுத்து, முன்னால் வீச வேண்டுமாம். அந்த ஒரு கணம்தான் எல்லாம் என்றார். பொறுமை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. என் மகள் வீசியது சீமைக்கருவேல மரத்தில் போய்ச் சிக்கியது. நான் வீசியது என் சட்டைக் காலரிலேயே மாட்டியது. ஈரச் சேலையை உதறிக் கொடியில் போடுகிற மாதிரி ஒரு வீசு வீசி, முதல் மீனைப் பிடித்தவள் என் மனைவிதான். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டை. வேப்பமரத்தடி ஆட்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"ஒரு வேளைக் கொழம்புக்கு ஆகும்" என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா ஒரு செருமல் செருமினார். தண்ணீரில் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் தூண்டிலைத் தொடவே இல்லை.

அப்பாவுக்கு மட்டும் தனிப் பாடம். அண்ணன் பின்னால் நின்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இப்ப பொறுங்க… இப்ப விடுங்க" என்பார். தினமும் நான் மாத்திரை எடுத்து வைக்கிற கை அது. இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் என்னவோ பேசுவார்கள். நான் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவார்கள்.

மத்தியானம் சாப்பாட்டில் கேட்டேன். "அண்ணன் என்ன சொன்னாரு?"

"மீனப் பத்திச் சொன்னான்."

"அம்புட்டு நேரமாவா?"

"பெரிய மீனு" என்று சொல்லிவிட்டு அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அடுத்து அண்ணன் அப்பாவுக்கு ஷூ வாங்கி வந்தார். கரையில் வழுக்காதாம். வறண்டு வெடித்துக் கிடக்கிற கரையில் என்ன வழுக்கல்? ஒருநாள் கடையிலிருந்து சீக்கிரம் வந்தேன். அண்ணன் மகள் அப்பாவின் தோளுக்குக் குறுக்கே டேப் வைத்து அளந்துகொண்டிருந்தாள். எதற்கும்மா என்றேன்.

"ஸ்வெட்டருக்கு, சித்தப்பா" என்றவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு தன் அப்பாவைப் பார்த்தாள்.

ஸ்வெட்டர்! அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடைப் பொம்மைகூட ஸ்வெட்டர் போட்டு நான் பார்த்ததில்லை. மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அன்றைக்கு அவளும் கேலி செய்யவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, "மாமாகிட்டயே கேட்டுருங்க" என்றாள். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் கரையில் இருந்தோம். அப்பா தனியாகவே வீச ஆரம்பித்திருந்தார். பின்னால் போன கயிறு கொஞ்சம் தாழ்ந்தது. முள் அவர் தோளில் கிடந்த துண்டில் மாட்டியது. அவர் கவனிக்காமல், சொல்லிக் கொடுத்தபடி ஒரு கணம் பொறுத்து, பலங்கொண்ட மட்டும் முன்னால் வீசினார். வெள்ளைத் துண்டு தோளை விட்டுக் கிளம்பி, விரிந்து, கொக்கு இறங்குகிற மாதிரி பள்ளத்து நடுவில் போய் விழுந்தது.

உடனே வேப்பமரத்தடியிலிருந்து கூவல் எழுந்தது.

"ஏலே, பெரியவரு துண்டு வீசிட்டாரு! ஓடியாங்கலே!"

ஒருவன் ஊருக்குள் ஓட, மற்றவன் போனைக் காதில் வைத்தான். கொஞ்ச நேரத்தில் கண்மாய்க்கரை தெரியவில்லை. மீனைக் கவிழ்த்து அமுக்குகிற மூங்கில் ஊத்தாக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார்கள். வலை, கொசுவலை, சாக்கு, ஒரு அம்மாவின் கையில் சோறு வடிக்கிற கூடை. நரிக்குடிப் பக்கமிருந்துகூட மொபெட்டில் ஆட்கள். அண்ணன் இரண்டு கையையும் ஆட்டி, "இல்லங்க, இது தெரியாம மாட்டிக்கிருச்சுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் கையாட்டலையும் சைகை என்று நினைத்து இன்னும் வேகமாக வந்தார்கள். இருந்தாலும் முன்னால் வந்தவர்கள் தண்ணீரில் கால் வைக்காமல் நின்று அப்பாவைப் பார்த்தார்கள்.

"நெசமாவாய்யா?" என்றார் ஒருவர்.

அப்பா மிதக்கிற துண்டைப் பார்த்தார். "விழுந்துருச்சுல்ல? எறங்குங்கப்பா" என்றார். சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு காலம் ஆயிற்று. வேண்டுமென்றேதான் வீசினாரோ என்று இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். பிள்ளைகள் இரண்டும் கழுத்துவரை சேறு. அண்ணன் மகள் வெறுங்கையால் ஒரு விராலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். கரையில் நாங்கள் மூவர் மட்டும் நின்றோம். அப்பா சிரிப்பு அடங்காமல் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டார். என் தோளும் பக்கத்தில்தான் இருந்தது.

அதோடு என் பொறுமை போயிற்று. "அண்ணே, நேராவே கேக்குறேன். நீங்க மீனு பிடிக்க வந்தீகளா, அப்பாவப் பிடிக்க வந்தீகளா? ஷூவு என்ன, ஸ்வெட்டரு என்ன? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீகளா?"

அண்ணன் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார்.

"அவன வையாத. நான்தான் வரச் சொன்னேன். என்னயக் கூட்டிட்டுப் போன்னு நான்தான் போன் போட்டேன்" என்றார் அப்பா.

"எங்க வீட்ல ஒங்களுக்கு என்ன கொற?" என்று கேட்டேன்.

"கொறன்னு சொன்னா நாக்கு அழுகிப் போகும். தங்கமாத்தான் பாத்துக்கிறீக. ஆனா டீக்கடைக்குப் போனா யாரு கூட, கருவாடு வாங்கித் தின்னா எவன் குடுத்தான், போன்ல சிரிச்சா யாரு பேசுனா? ஒங்க அம்மா இருந்தவரைக்கும் அவகிட்டயே கேட்டுக்கிட்டிருந்த. இப்ப என்கிட்ட. சும்மா ஒரு எடத்துல, எவனும் என்னன்னு கேக்காம, கொஞ்ச நாளு இருக்கணும் போலருக்குடா."

"இப்பிடிச் சொல்லச் சொல்லி யாரு சொல்லிக் குடுத்தா?" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. "பாத்தியா" என்றார்.

கீழே ஊர் முழுக்க மீன் பிடித்துக்கொண்டிருந்தது. அக்கறை வேறு, சந்தேகம் வேறு என்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னால் அதற்கும் அவர் ஒரு பதில் வைத்திருப்பார். அன்றைக்கு வீட்டில் மீன் குழம்பு. நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

விசா வேலை முடிய மழைக்காலம் வந்துவிட்டது. அண்ணனே மறுபடி வந்து கூட்டிப் போனார். காரியாபட்டி வழியாக மதுரை விமான நிலையத்துக்கு எல்லோரும் ஒரே காரில் போனோம். வாசலில் அப்பா ஸ்வெட்டரைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார். என் மகள் கன்னத்தைத் தடவினார். என் மனைவியிடம் தலையசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வாரேன்டா" என்றார்.

எங்கள் ஊரில் யார் எங்கே கிளம்பினாலும் அப்படித்தான் சொல்வார்கள். போறேன் என்று ஒருவரும் சொல்வதில்லை. நிஜமாகவே வரப் போகிறவரும் அதைத்தான் சொல்வார், வராதவரும் அதைத்தான் சொல்வார். எப்ப வருவீக என்ற கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்காகத்தான் காத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

"சரிப்பா" என்றேன்.