இரண்டாம் பாகத்தில் செத்தவன்

டிவிக்கென்று மலிவாக எடுத்து, சிடியில் போட்டுத் தள்ளிவிடும் யுத்தப் படங்களின் இரண்டாம் பாகத்தை எங்கே கண்டாலும் எனக்குக் குமட்டும். முதல் பாகம் ஓடிவிட்டதாம், எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று அதே பெயரில் வேறு ஆட்களைப் போட்டு எடுத்த குப்பைகள். அப்படி ஒரு குப்பையை, என் தம்பி பட்டாளத்துக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து முழுசாகப் பார்த்துத் தொலைத்தேன்.

தம்பி ஆள் எடுப்பில் தேறியபோது அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை. சோறு தின்னாமல் சுவரோரம் படுத்துக் கிடந்தாள். தம்பி என்ன செய்தான் என்றால், தமிழில் டப் செய்த வெள்ளைக்காரன் யுத்தப் படம் ஒன்றை எடுத்துவந்து, பக்கத்து வீட்டில் அவளை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினான். அதில் வரும் கேப்டன் அத்தனை குண்டுக்கும் தப்பி, கடைசியில் தன் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு வருவான். தாய்க்காரி ஓடிவந்து கட்டிக்கொள்வாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த வெள்ளக்காரி புள்ளையே திரும்பி வந்துட்டான். நீயும் போயிட்டு வா" என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் தெருவில் ஒருவன் பட்டாளத்துக்கோ வெளிநாட்டுக்கோ கிளம்பினால், டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டுத் தெருவுக்கே சோறு போடுவது வழக்கம். அரும்பாவூரிலிருந்து பெரம்பலூர் வரைக்கும் போன தம்பி, அந்தப் படத்தின் இரண்டாம் பாகத்தை எடுத்து வந்தான். முதலில் ஓட்டிப் பார்த்தானா? இல்லை. அட்டையில் அதே கேப்டன் இருந்தானாம், அது போதுமாம்.

மத்தியானம் சன்னலுக்குப் போர்வை கட்டிப் படத்தைப் போட்டார்கள். கேப்டன் என்று வந்தவன் தொப்பையும் சாயம் பூசிய தலையுமாக வேறு எவனோ. பீரங்கி என்று காட்டியது தகரம் அடித்த டிராக்டர், சக்கரம் அப்பட்டமாகத் தெரிந்தது. முதல் பாகத்தில் வெடித்த அதே பாலம் இதிலும் வெடித்தது. பழைய படத்திலிருந்தே வெட்டி ஒட்டியிருந்தார்கள், வெட்கங்கெட்டவர்கள். கேட்டருகே தாயிடம் சொல்லிக்கொண்டு போன கேப்டன், எங்கள் வீட்டில் முதல் பந்தி எழுவதற்குள் செத்துப்போனான். பிறகு யாரோ நாலு பேர் சுட்டுக்கொண்டே இருந்தார்கள்.

தம்பி பதறிப்போய் டெக்கை நிறுத்த ஓடினான்.

"நிறுத்தாத" என்றாள் அம்மா.

"இது வேற ஆளும்மா. டிவிக்குன்னு எடுத்த டூப்பு. நெசக் கேப்டன் சாவல."

"வாய மூடு. நான் பாக்கணும்."

தெரு சனம் தின்றது, சிரித்தது, குண்டு வெடிக்கும்போதெல்லாம் கை தட்டியது. சித்தப்பா ஒருவர், "மொதப் பார்ட்ட விட இதுல சண்ட ஜாஸ்தி" என்று ஏப்பம் விட்டார். சாம்பாரோடு அவர் இலையை எடுத்து அவர் தலையிலேயே கவிழ்க்கலாமா என்று வந்தது எனக்கு. அம்மா மட்டும் கடைசி எழுத்து ஓடி முடியும்வரை அசையவில்லை. திரை நீலமானதும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, அவன் ஆத்தாகிட்ட யாருமே போயிச் சொல்லலையே? அவ கேட்டு வாசல்லயே நின்னுகிட்டு இருப்பாளே."

இவ்வளவு நேரமும் அந்த ஒரு காட்சிக்காகத்தான் காத்திருந்திருக்கிறாள். படம் எடுத்த பாவிகளுக்கு அது தோன்றவே இல்லை.

தம்பியைப் போகாதே என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் அவளே முதல் ஆளாக பஸ்ஸில் ஏறினாள். அரியலூர் ஸ்டேஷனில், தம்பியோடு தேறி அதே கேம்ப்புக்குப் போகிற இன்னொருவன் தகரப் பெட்டியோடு தனியாக நின்றுகொண்டிருந்தான். அம்மா நேரே போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நீங்க எந்த ஊரு?"

"ஜெயங்கொண்டம்ங்க."

"எம் மவனுக்கு ஒண்ணுன்னா நீங்க நேர்ல வந்து எங்கிட்ட சொல்லணும். அரும்பாவூர்ல எறங்கி, மிலிட்டரிக்காரன் வூடுன்னு கேளுங்க, காட்டுவாங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா இவன் உங்கம்மாகிட்ட வருவான்."

"மானத்த வாங்காதம்மா" என்று தம்பி பல்லைக் கடித்தான்.

ஜெயங்கொண்டத்துக்காரன் சிரிக்கவில்லை. "சரிங்கம்மா. எங்கம்மாவுக்குக் காது கேக்காதுங்க. பக்கத்துல போயிச் சொல்லச் சொல்லுங்க" என்றான்.

ரயில் போன பிறகு, திரும்பும் வழியில் சிடியைக் கொடுக்கப் பெரம்பலூரில் இறங்கினோம். கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக, "படம் எப்படிங்க? மூணாவது பார்ட்டும் வந்துருச்சு, எடுத்துட்டுப் போங்க" என்றார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அதுலயாச்சும் அவன் ஆத்தாகிட்ட யாராவது போயிச் சொல்றாங்களா?"

கடைக்காரர் விழித்தார்.

"எந்த ஆத்தாங்க?"