சித்தப்பா ஏறிய மலை

எங்கள் சித்தப்பா ஸ்காட்லாந்தில் ஒரு மலை ஏறியவர். மயிலாப்பூரில் இப்படிச் சொல்லிக்கொள்ள வேறு எவருக்கு வாய்க்கும் என்று எட்டு வயதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

டாக்டர் படிப்புக்காக அவர் அங்கே இருந்தபோதே தாத்தா காலமாகிவிட்டார். முகம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. திரும்பி வந்ததும் கடல் தாண்டிய தோஷத்துக்குப் பிராயச்சித்தம் செய்துகொண்டார். மாமிசம் தொடவில்லை என்று அவர் சத்தியம் செய்த பிறகுதான் அப்பா தம் பக்கத்தில் அவருக்கு இலை போடச் சொன்னார். அடுத்த மாதம் தாத்தாவின் சிராத்தம். அண்ணனோடு உட்கார்ந்து அதைச் செய்துவிட வேண்டும் என்பதைத் தவிர சித்தப்பாவுக்கு வேறு ஆசையே இல்லை.

சாயங்காலங்களில் குளத்துப் படிக்கட்டில் வைத்து எனக்கு மட்டும் மலைக் கதையை முழுசாகச் சொல்வார். உச்சியிலிருந்து இறங்கும்போது மூடுபனியில் வழி தவறி, மழையில் ஊறி, விரல்கள் மரத்துப்போய், ஓர் ஆட்டிடையன் வீட்டு வாசலில் விழுந்தாராம். வீட்டுக்காரி ஒரு கிண்ணம் ஆட்டெலும்பு சூப்பைச் சூடாகப் புகட்டினாளாம்.

"அது இல்லேன்னா நான் இன்னிக்கு இல்லேடி. யார்கிட்டயும் சொல்லப்படாது, என்ன?"

கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அது நாலு நாள்கூடத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பரிமாறிக்கொண்டிருந்த அத்தை கிண்டலை ஆரம்பித்தாள். "மாடிப்படி ஏறினாலே இவனுக்கு மூச்சு வாங்கறது. இவனாவது, மலை ஏறவாவது! நன்னா அளக்கறான்." சித்தப்பா சிரித்தார். எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பனி, மழை, குடிசை என்று ஒன்று விடாமல் சொன்னேன். சூப்பையும் சொன்னேன். அவர் சாகக் கிடந்ததைக் கேட்டால் அத்தை அழுதுவிடுவாள் என்று நினைத்தேன்.

அத்தையின் கரண்டி நின்றது. அப்பா இலையிலிருந்து கையை எடுத்தார். "குழந்தை சொல்றது நிஜமாடா?"

உளறுகிறாள் என்று சித்தப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா நம்பியிருப்பார். அந்த வார்த்தைக்காகவே அவர் காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. சித்தப்பா என்னைப் பார்த்தார்.

"நிஜம்தான் அண்ணா. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். மறுநாள் முதல் சித்தப்பாவின் இலை கூடத்தை விட்டு வாசல் பக்கத்து ரேழிக்குப் போயிற்று. சிராத்தத்துக்கு முன்பே அவர் மாம்பலத்தில் புதிதாக வந்த தெரு ஒன்றில் தனியாகக் குடிபோனார். சிராத்தத்தை அப்பா மட்டும்தான் செய்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாவி நான் அழக்கூட இல்லை. எல்லோர் முன்னாலும் சித்தப்பா என் பக்கம் பேசிவிட்டார் என்று கூடம் முழுக்கக் குதித்தேன்; அத்தையிடம் போய் அழகு காட்டினேன்.