முதல் வெர்ஷனில் குதிரை, இரண்டாவதில் மந்திரவாதி

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், ஒரு குதிரை மந்திரவாதியாகிவிட்டது. பழி என் மேல் விழுந்தது.

ராயப்பேட்டையில் ஒரு மாடிக் கடை. நான்கு கம்ப்யூட்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவோம். பயோடேட்டா அடிக்க வருகிறவர்களைவிட கேம் ஆட வருகிறவர்களே அதிகம். என் அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். கம்ப்யூட்டர் டிப்ளமாவும் முடித்தேன். ஆனாலும் ஓனர் சேகர் அண்ணன் என்னை வாசலில் உட்கார்ந்து பெயர் எழுத மட்டும் வைத்திருந்தார். மெஷினைத் தொடக் கூடாது.

"கோட்டை" என்று எல்லோரும் சொன்ன ஒரு கேம் இருந்தது. நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு காடு, சுரங்கம் என்று மாதக்கணக்கில் அலைந்து, கடைசியில் கோட்டைக்குள் போய் ராட்சசனைக் கொல்ல வேண்டும். முதல் வெர்ஷனில் அது நடக்காது. கோட்டைக் கதவைத் திறந்ததும் மெஷின் ஹேங் ஆகிவிடும். ராட்சசனுக்கு அதைவிட நல்ல காவல் இல்லை.

சேகர் அண்ணன் எங்கிருந்தோ இரண்டாவது வெர்ஷனைக் கொண்டுவந்து, நான்கு மெஷினிலும் அவரே ஏற்றினார். கதவு திறந்தது. அன்று சாயங்காலம் மயிலாப்பூரிலிருந்து பேங்க் மாமா வந்தார். தினமும் ஆபீஸ் முடிந்து வருகிறவர். தன் ஆட்டத்தை ஃப்ளாப்பியில் சேவ் செய்து சட்டைப்பையில் வைத்திருப்பார். அதைப் போட்டவர் அலறினார்.

"சேகர், என் குதிரை எங்க? அது இருந்த எடத்துல தாடி வெச்சுண்டு ஒருத்தன் நிக்கறான்! பேரு மட்டும் கோமளான்னு போட்டிருக்கு!"

அண்ணன் என்னைக் காட்டினார். "புதுசா வந்த பொண்ணு மாமா. இன்னாத்தையோ நோண்டி வெச்சிருக்கு." பிறகு என்னிடம், "தே ஸ்டெல்லா, நாளைக்கு சாய்ங்காலம் மாமா குதிர இங்க நிக்கணும். இல்லாங்காட்டி நீ நிக்கக் கூடாது."

"நான் மெஷினையே தொடலியே அண்ணே."

"இப்போ தொடு."

அம்மாவிடம் சொன்னேன். "குதிரைக்கு வைத்தியம் பாக்கவா உன்னிய அத்தினி படிக்க வெச்சேன்?" என்றார்.

மறுநாள் ஒரு மெஷினில் பழைய வெர்ஷனை ஏற்றி, பக்கத்து மெஷினில் புதியதை ஓடவிட்டேன். மத்தியானத்துக்குள் விஷயம் பிடிபட்டது. பழையதில் நாலு ஆளுக்கு அடுத்த ஐந்தாவது இடம் குதிரைக்கு. புதியதில் அந்த இடம் மந்திரவாதி என்ற இன்னொரு ஆளுக்கு, குதிரை ஆறாவது. பழைய ஃபைலைப் புதியதில் திறந்தால் குதிரை ஆளாகிவிடும். மந்திரவாதி என்று பெயர்தான். ஒரு மந்திரமும் தெரியாது.

சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன். "பழைய வெர்ஷன்ல குதிரைய காட்டுல விட்டுட்டு சேவ் பண்ணுங்க மாமா. அப்புறம் புதுசுல போனா தாடிக்காரன் வர மாட்டான், கதவும் தொறக்கும்."

"கோமளாவைக் காட்டுல விட்டுட்டுப் போறதா? மூணு தடவை என் உசிரக் காப்பாத்தியிருக்கா!"

"அது குதிரை மாமா."

"அதான் சொல்றேன். எங்க ஆபீஸ்ல ஒருத்தன் காப்பாத்துவானா?"

சேகர் அண்ணன் தொண்டையைச் செருமினார். என் வேலை கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. அப்போது கேமில் வரும் சத்திரம் நினைவுக்கு வந்தது. குதிரை கட்ட அங்கே ஒரு லாயம் உண்டு. அந்த லாயம் இரண்டு வெர்ஷனிலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

"காட்டுல வேணாம். லாயத்துல கட்டுங்க. புதுசுல போய் அவுத்துக்கலாம்."

கட்டினார். சேவ் செய்தார். ஃப்ளாப்பியை நானே பக்கத்து மெஷினில் போட்டேன். லாயத்துக்குப் போனோம். கோமளா வெளியே வந்தது. நாலு கால், வால், தாடி இல்லை.

மாமா லாயத்துக்குள் மறுபடி எட்டிப் பார்த்தார். "உள்ளயும் ஒரு கோமளா நிக்கறதே!"

"அது புது வெர்ஷனோட கோளாறு மாமா. வெளிய எடுத்தாலும் உள்ள அழிய மாட்டேங்குது. சரி பண்ண முடியுதான்னு பாக்கட்டா?"

"கைய எடு! ஒண்ணு செத்தா இன்னொண்ணு இருக்கட்டும்."

"ரெண்டு குதிர குடுத்துட்டா மாமா, ஒண்ணுதான கேட்டீங்க," என்றார் சேகர் அண்ணன். அன்று முதல் வாசலில் பெயர் எழுத அவர் உட்கார்ந்தார்.

இந்த வேலைக்கு வரும் தங்கச்சிகளுக்கு ஒன்று சொல்கிறேன். புது வெர்ஷன் பழைய கோளாறை எடுத்துவிட்டு, தன் பங்குக்கு ஒன்றை வைக்கும். எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று ஆடுகிறவரைக் கேட்டுவிட்டு மெஷினில் கை வையுங்கள். ஓனரைக் கேட்காதீர்கள்.