தேதி அக்கா வீட்டு ஏசி

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவளுக்குத் தேதி அக்கா என்று பெயர் வந்ததில் வியப்பில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைச் சுத்தம் செய்ய வரவேண்டியவர்களை அவள்தான் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுத் தேதி கொடுப்பாள். "வலி ஒண்ணும் இல்லையே அக்கா, அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். அப்படிச் சொன்ன ஆளே மூன்றாவது மாதம் கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு வந்து, காத்திருக்கும் பத்துப் பேரைத் தாண்டித் தன்னை முதலில் உள்ளே விடச் சொல்லி நிற்பார். வலித்தால்தான் மனிதனுக்குப் புத்தி வரும், அதுவும் வலி நிற்கிறவரைக்கும்தான் தங்கும் என்று அக்கா சொல்வாள். ஊரார் பல்லைப் பார்த்துச் சொன்னது அது. தன் வீட்டுக்கும் பொருந்தும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டிலும் அவளுக்கு எல்லாம் தேதிப்படிதான். அம்மா அறையில் இருந்த பீரோக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மாதா மாதம் முதல் ஞாயிறு ஃபில்டர் கழுவ வேண்டும். வெயிலுக்கு இரண்டு மாதம் முன்னால் சர்வீஸ். குளிருக்கு ஒரு மாதம் முன்னால் ஹீட்டரை ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே ஒரு ஏசிக்காக. வெயிலில் குளிரவைத்து, குளிரில் சூடாக்குகிற அந்தப் பெட்டிக்குப் பதிமூன்று வயது. அம்மாவின் நுரையீரல் பாதிதான் வேலை செய்தது. வெக்கையும் ஆகாது, குளிரும் ஆகாது, அறை வருடம் முழுக்க ஒரே சீராக இருக்கவேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். ஏசி ஓடினால் அம்மாவுக்கு ராத்தூக்கம் உண்டு. நின்றால் உட்கார்ந்தபடியே விடியும்.

பெட்டி பழுதானது ஒரே நாளில் அல்ல. முதலில் தண்ணீர் சுவரில் வழிந்தது. அக்கா கீழே வாளி வைத்தாள். அப்புறம் மின்விசிறி மோட்டார் போயிற்று, அப்புறம் போர்டு. கடைசியில் குளிர்ச்சியே குறைந்தது. மெக்கானிக் ஏணி மேல் நின்றபடி, மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து அவளுக்கு உள்ளே காட்டினான்.

"உள்ள காயில் குழாய் அரிச்சுப் போச்சுக்கா. வருஷா வருஷம் நான் கேஸ் அடைக்கிறேன், அது கசிஞ்சு போயிடுது. ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதைதான். வெயில் வர்றதுக்கு முன்னாடியே மாத்திடுங்க. வெயில்ல எல்லார் வீட்டுலயும் ஒரே நேரத்துல நிக்கும். அப்ப நீங்க அழுதாலும் என்னால வரமுடியாது."

அன்றே பீரோத் தாளில் ஒரு வரி கூடியது. 'புதுசு மாற்ற' என்று எழுதி, பக்கத்தில் மாதத்தையும் குறித்தாள். அந்த மாதத்தை மூன்று வருடமாக அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் மாற்ற வேண்டியவன் தம்பி. அப்பா போனபோது சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவன் நெஞ்சைத் தொட்டுச் சொன்னான். "அக்கா அம்மாவைப் பாத்துக்கட்டும். அம்மாவுக்கு வேண்டியதெல்லாம் என் பொறுப்பு." கேட்டவர்கள் பிள்ளை என்றால் இவனல்லவோ பிள்ளை என்று உருகிப்போனார்கள். பிள்ளை விமானம் ஏறி, வேலை பார்க்கிற ஊருக்குப் போனான். வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வருவான். அவன் வருவது வெயிலும் இல்லாத, குளிரும் இல்லாத, ஜன்னலைத் திறந்தாலே போதும் என்கிற அந்த ஒரு மாதத்தில்தான். வந்ததும் அம்மா அறைக்குப் போய் ரிமோட்டை அழுத்தி, ஏசிக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பான்.

"நல்லாத்தானேக்கா ஓடுது."

"இப்ப ஓடும்டா. வெயில்ல வந்து பாரு."

"மெக்கானிக்குக்கு என்ன, மாத்துன்னுதான் சொல்லுவான். இந்தத் தடவை சர்வீஸ் பண்ணு. அடுத்த தடவை வரும்போது கண்டிப்பா பார்க்கலாம்."

அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அம்மாவுக்குப் பிடித்த போர்வை, பழம், புதுப் போன் என்று கை நிறையக் கொண்டுவருவான். அம்மா மூச்சு முட்டி உட்கார்ந்திருக்கும் மாதத்தை அவன் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பார்க்காததை நம்பாத ஜாதி. அக்கா போனில் சொன்னதெல்லாம் எருமை மாட்டின் மேல் பெய்த மழையாகப் போயிற்று.

இதில் ஒன்றை மறைக்கக்கூடாது. அக்காவிடம் பணம் இருந்தது. மேசையில் உட்கார்ந்து சேர்த்தது, ஒரு ஏசி என்ன, வீடு முழுக்க மாட்டலாம். அம்மாவுக்கும் அது தெரியும். போன வெயிலின் முடிவில் ஒரு மாலை, அக்கா ஈரத் துணியால் அம்மா கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா மெல்லச் சொன்னாள்.

"நீயே ஒண்ணு வாங்கி மாட்டிடேண்டி. அவன்கிட்ட எதுக்குத் தொங்கிட்டிருக்க?"

"அவன்தானே ஊர் முன்னாடி வாய் விட்டான், அவனே வாங்கட்டும். எல்லாத்தையும் நானே செஞ்சா அவனுக்கு எப்பதான் உறைக்கும்?"

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாதாட மூச்சு வேண்டுமே. அக்கா தான் சொன்னதுதான் நியாயம் என்று நினைத்தாள். நியாயம்தான். வீம்பு எப்போதும் நியாயத்தைச் சட்டையாகப் போட்டுக்கொண்டுதான் வரும்.

இந்த வருடம் வெயில் மூன்று வாரம் முந்திக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பெட்டி கடகடவென்று ஆடி நின்றது. மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். "பதினொரு வீடு வரிசைல இருக்குக்கா, திங்கட்கிழமைக்கு முன்னாடி முடியாது" என்றான். தம்பியைக் கூப்பிட்டாள். கூட்டத்தில் இருப்பதாகச் செய்தி வந்தது. அப்போதுதான் அக்காவின் வீம்பு உடைந்தது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்க ஓடியவள்போல் கடைக்கு ஓடி, இருந்ததில் நல்லதாக ஒன்றை வாங்கினாள். பெட்டி உடனே கிடைத்தது, மாட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. கடைக்காரர் கணினியைப் பார்த்து அடுத்த வாரம் வியாழக்கிழமை என்றார். ஊருக்கெல்லாம் தேதி கொடுத்தவள் அங்கே தேதி வாங்கிக்கொண்டு நின்றாள்.

மேசை விசிறி, பேசினில் ஐஸ், ஜன்னலில் நனைத்த துணி. இரண்டு நாள் அப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தாள். நான்கு நாள் கழித்து அம்மா இறந்துபோனாள். வயசு, பழைய நுரையீரல், எதுவும் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். வெக்கைதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

விமானம் ஏறிப் போனபிறகு முதல்முறையாகத் தம்பி வெயிலில் வந்தான். வியாழக்கிழமை காலை சொந்தக்காரர்கள் அம்மா அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலை முந்தின நாளே மடக்கி மாடிக்கு ஏற்றியாயிற்று. தம்பியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் அழுதுகொண்டே, எல்லார் காதிலும் விழும்படி கேட்டான்.

"இந்த வெக்கையிலயாக்கா அம்மாவைப் படுக்க வெச்சிருந்த? என்கிட்ட ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கக்கூடாதா? இல்ல, நீயாவது ஒண்ணு வாங்கியிருக்கலாம்ல?"

சித்தி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. எந்தெந்தத் தேதியில் சொன்னாள், அவன் என்ன சாக்குச் சொன்னான் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வாயைத் திறந்திருந்தால் அவனை அந்த இடத்திலேயே நார்நாராகக் கிழித்திருப்பாள். ஆனால் அந்தத் தேதிகளின் வரிசையில், ஈரத் துணியும் கையுமாக இருந்த அந்த மாலையும் வந்து நின்றது. தம்பியின் மேல் இருந்த கோபத்தைவிடத் தன் மேல் இருந்த கோபம் பெரிதாக இருந்தது.

அழைப்பு மணி அடித்தது. கடையிலிருந்து இரண்டு பேர் புதுப் பெட்டியோடு நின்றார்கள். சொன்ன தேதிக்கு ஒரு நாள்கூடத் தவறவில்லை. சொந்தக்காரர்கள் நாற்காலிகளை நகர்த்தி வழிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரத்தில் பழசை இறக்கிப் புதுசை மாட்டிவிட்டார்கள். ஏணி மேல் இருந்தவன் கீழே பார்த்துக் கேட்டான்.

"காத்து எந்தப் பக்கம் வரணும் மேடம்?"

"கட்டில் பக்கம்" என்றாள் அக்கா.

அவன் கீழே தேடினான். நாற்காலிகள்தான் இருந்தன. நடுவாக வைத்துவிட்டு இறங்கினான். சற்று நேரத்தில் அறை குளிர்ந்தது. கட்டில் இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்த தம்பி தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினான்.

"அப்பாடா, இப்பத்தான் மூச்சே விட முடியுது" என்றான்.

அக்கா ரிமோட்டை அவன் மடியில் வைத்தாள். வெளியே வந்து, குளிர் போகாமல் இருக்கக் கதவைச் சாத்திவிட்டு, வெக்கையாக இருந்த சமையலறையில் போய் நின்றுகொண்டாள்.